நீலப் பட்டை

கண்காட்சியில் சித்தப்பாவின் ஓவியத்தில், நீலப் பட்டையிலிருந்த கறுப்புக் கீறலையும் அதன் குறுக்கே ஓடிய சிறு கோடுகளையும் காட்டி, "கடல் கடந்து வந்தவர்களின் காயம்" என்று ஓர் இளைஞர் விளக்கிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கட்டுரையில் அப்படித்தான் அளந்திருந்ததால் பலமாகத் தலையாட்டினேன். பக்கத்தில் அம்மா களுக்கென்று சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னை அறுபதுகளின் டன்லப் ஸ்திரீட் மாடிவீட்டில் கொண்டுபோய் விட்டது.

டர்பென்டைன் வாசனையும் சாம்பார் வாசனையும் மல்லுக்கு நிற்கும் அந்தக் கூடத்தில்தான் இந்த ஓவியம் காய்ந்தது. வெறும் வண்ணப் பட்டைகள்.

"படம்னா ஒரு மூஞ்சியாவது வேணாமாடா?" என்றார் அப்பா.

சித்தப்பாவின் முகம் தொங்கிப்போனது. "வீட்டுல ஒருத்தருக்குக்கூடப் புரியலைன்னா விட்டுடறேண்ணே. துறைமுகத்துல கணக்கெழுதுற கிராணி வேலைக்கே போறேன்."

துணி காயப்போட வந்த அம்மா, ஓவியத்தையும், சன்னலுக்கு வெளியே மூங்கில் கழிகளில் தொங்கி, கீழே போகிறவர்கள் தலையில் சொட்டிக்கொண்டிருந்த சேலைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த நீலம் என்னுதுல்ல? கிழிசலை ஏன் தம்பி ஊருக்கே காட்டுறீங்க?"

"கண்டுபிடிச்சிட்டீங்களே அண்ணி!" சித்தப்பா துள்ளினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். முதல்ல தைங்க."

மெல்லிய தூரிகையால் சித்தப்பா தைத்தார். கிராணி வேலைக்கு அவர் போகவே இல்லை.

இளைஞர் நகர்ந்ததும் அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஓவியத்தின் கிட்டே போனார்.

"தையல் இன்னும் பிரியலைடா," என்றார்.