கிணற்றடிப் பாம்பின் நீளம்

இன்று பேருந்தில் ஒருவரின் மூட்டையிலிருந்து சாயமேறிய ஈரப்பட்டின் வாசனை வந்ததும், சேவூரில் அம்மா பட்டு அலசிய கிணறும், நூலைக் கழியில் மாட்டி உதறும் சத்தமும், சிவந்து ஓடிய வாய்க்காலும் நினைவில் எழுந்தன. அங்கே ஒருநாள் தண்ணீர்ப் பாம்பு வந்தது. தறிப் பாவில் ஓர் இழை குறைந்தாலும் கண்டுபிடிக்கிற எங்கள் நெசவாளர் தெருவில், மாலைக்குள் அது பத்தடி நாகமாகிவிட்டது. கிணற்றையே மூடச் சொன்னார்கள்.

“ஒரு மொழம்தான்க்கா இருந்துச்சு” என்றேன் பக்கத்து வீட்டு அக்காவிடம்.

“நீ இன்னா, பாம்ப மொழம் போட்டு அளந்தியா? அலறிகினு ஓடுனது நாங்கடி!”

மூடிவிட்டார்கள். அதன்பின் அம்மா ஈரப்பட்டை ஆற்றிலிருந்து சுமந்தாள். அந்த அக்கா இப்போது பதினைந்து அடி என்கிறார். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர் வாசலிலேயே நின்று, ஒரு முழம் என்கிறேன்.