டிக்கி திறந்திருக்கிறது

கார் சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொள்கிற மனுஷன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று என் மனைவி சொல்வாள். சுத்தப் பொய். எங்கள் ஊரில் என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் அப்படித்தான். சட்டைப் பையில் போட்டால், வாய்க்காலில் குனியும்போது சாவி தண்ணீருக்குள் போய்விடும். இடுப்பில் இருந்தால் எங்கும் போகாது. ஒரே தொல்லை, நான் குந்தினால் என் தொந்தி அந்தச் சாவியில் உள்ள ரிமோட் பொத்தானை அழுத்திவிடும். டிக்கி திறந்துகொள்ளும்.

வரப்பில் குந்தி, மடையில் தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாலையில் நிற்கிற காரில் 'டக்' என்று சத்தம் வரும். அவ்வளவு தூரத்தில் எனக்கு எங்கே கேட்கும்? சேறு படும் என்று இறங்காமல் முன் சீட்டிலேயே இருப்பவள், கண்ணாடியை இறக்கிக் கத்துவாள்.

"என்னங்க, டிக்கி தொறந்திருக்கு பாருங்க!"

"தெரியும், தெரியும்" என்பேன். எனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

ஒருமுறை ஒரத்தநாட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷம். பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், வெளியே டிக்கி திறந்துவிட்டது. நாங்கள் பாயசம் குடித்து எழுவதற்குள் இரண்டு ஆடுகள் முன்னங்காலைத் தூக்கி வைத்து, வழியில் வாங்கிய கீரைக்கட்டு அத்தனையையும் தின்று தீர்த்திருந்தன. "நமக்கு ஒரு பந்தி, அதுங்களுக்கு ஒரு பந்தி" என்று வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

போன தை மாதம், அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, மாரடைப்பில் போய்விட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு முதல் தடவை தனியாக வயலுக்குப் போனேன். குந்தினேன், எழுந்தேன், காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹார்ன் அடித்தார்கள். என்ன அவசரமோ இவன்களுக்கு என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். இறங்கிப் பார்த்தால் டிக்கி ஆவென்று திறந்து கிடக்கிறது. உள்ளே இருந்த பாயையும் தண்ணீர் கேனையும் காணோம். வாசலில் நின்று அழுதேன். பாய்க்காகவும் கேனுக்காகவும் அழுகிற ஆள் இல்லை நான்.

கல்லறைத் திருநாளுக்குச் சென்னையிலிருந்து மகள் வந்தாள். விஷயம் அவள் காதுக்கு எப்படியோ போயிருந்தது.

"இப்படியே விட்டா ஆபத்துப்பா. தஞ்சாவூர்ல கடையில குடுத்தா அந்தப் பட்டன் வேலை செய்யாமப் பண்ணிடுவாங்க. கல்லறைக்குப் போயிட்டு அப்படியே போயிடலாம்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. வேண்டாம் என்று சொல்ல என்னிடம் இருந்த காரணத்தைப் பெற்ற பெண்ணிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. டிக்கி திறந்தால் அடுத்து அந்தக் குரல் வரும் என்று இன்னமும் காத்துக்கொண்டிருக்கிறான் உன் அப்பன் என்று எப்படிச் சொல்வது? சரி என்று தலையை ஆட்டினேன்.

மழை விட்டிருந்தது. காரைக் கல்லறைத் தோட்டத்துக் கேட்டை ஒட்டி நிறுத்தினேன். மகள் செவ்வந்தி மாலையைச் சிலுவையில் போட்டாள். மெழுகுவர்த்தி காற்றில் அணைந்து அணைந்து, ஒருவழியாகப் பற்றிக்கொண்டது. ஈர மண்ணில் இரண்டு பேரும் முழங்காலிட்டோம். நான் நெற்றி தரையில் படக் குனிந்தேன்.

டக்.

இந்த முறை எனக்கே கேட்டது. நான் அசையவில்லை. மகளும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். பக்கத்துக் கல்லறையில் யாரோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் காதைக் கொடுத்துக்கொண்டு அப்படியே இருந்தோம். எதற்காக என்று இருவருக்கும் தெரியும்.

எந்தக் குரலும் வரவில்லை.

மெழுகு பாதி கரைந்த பிறகு அவள்தான் முதலில் எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் டிக்கியைச் சாத்தினாள். "சாவியக் குடுங்கப்பா, நான் ஓட்டுறேன்" என்றாள்.

தஞ்சாவூர்ச் சாலை பிரிகிற இடம் வந்தது. அவள் காரை வீட்டுப் பக்கம் திருப்பினாள். இறங்கும்போது சாவியை என் கையில் கொடுத்தாள். வழக்கம்போல இடுப்பில் செருகிக்கொண்டேன்.