மூச்சக்கா போட்ட ஒரு நாள் திட்டம்

"நெஞ்சைப் பலகையோட ஒட்டி நில்லுங்க. தோளை முன்னால தள்ளுங்க. மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிச்சுக்கங்க. ஆமா, சீட்டுல உங்க ஊரு கடலோரம்னு போட்டிருக்கே, அங்க கலங்கரை விளக்கத்துக்கு எத்தனை படி இருக்கும்?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதர் எப்படிப் பதில் சொல்வார்? கண்ணை மட்டும் உருட்டுவார். இயந்திரம் ஒருமுறை முனகி ஓய்ந்த பிறகுதான் "இப்ப விடலாம்" என்று அனுமதி கிடைக்கும். விடுகிற மூச்சோடு பதிலும் சேர்ந்து வரும். "நூத்தி அறுபது இருக்கும்மா. சின்ன வயசுல ஏறினது." அக்கா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றபடியே ஒரு பழுப்பு உறையின் முதுகில் 160 என்று எழுதி, சின்ன வயசுக் கணக்கு என்பதால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுவைப்பார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். இருபத்து நான்கு வருடங்களாக ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் மூச்சை இழுக்கவும் பிடிக்கவும் விடவும் சொல்லிவருவதால் மூச்சக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. வயது ஐம்பத்தொன்று. ஆள் குள்ளம். உயரமான நோயாளி வந்தால் ஒரு மர முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, அவர் தோள்களைப் பிடித்து நேராக்குவார். முகங்கள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் கொஞ்ச நேரம் முழிப்பார். பிறகு, "ஓ, நீங்க இடது மணிக்கட்டு இல்ல? கூடிடுச்சா?" என்பார். நான் பக்கத்து அறையில் டாக்டர்கள் சொல்லும் அறிக்கைகளைத் தட்டச்சு செய்கிறவன். இரண்டு அறைக்கும் நடுவே காகிதம் கொடுத்து வாங்க ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அந்த ஜன்னல் வழியாக வந்ததுதான்.

ஃபிலிம் காலம் போய்க் கணினி வந்த பிறகும், ஃபிலிமை மாட்டிப் பார்க்கும் பழைய வெளிச்சப் பெட்டி அவர் அறைச் சுவரிலேயே இருக்கிறது. போன வருடம் முழுக்க அதில் ஒரு ஊரின் வரைபடம் தொங்கியது. பின்னால் விளக்கெரிய, தெருக்கள் எல்லாம் நரம்பு போலத் தெரியும். ஒருநாள் அவசரமாக உள்ளே நுழைந்த எலும்பு டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வலது பக்கம் கீழே என்னம்மா, பெரிய நிழலா தட்டுது?" என்றார்.

"அது துறைமுகம் டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். "அடைப்பு அதிகமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஊர் எங்கள் ஊரிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். காலையில் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம். போக வேண்டியது இரண்டே பேர்தான், அக்காவும் அவர் கணவரும். இதற்கா ஒரு வருடத் திட்டம் என்று தோன்றும். கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருடங்களாக வாரம் இரண்டு முறை அதே ஊர்த் துறைமுகத்துக்குத்தான் சுமை ஏற்றிப் போகிறார். விடியற்காலையில் வீடு திரும்பிப் படுப்பார். அவர் எழும்போது அக்கா வேலையில் இருப்பார். அக்கா வீட்டுக்கு வரும்போது அவர் லுங்கியை மடித்துக் கட்டி வண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்.

"எங்களுக்குள்ள இதுவரைக்கும் ஒரு சண்டை வந்ததில்ல தம்பி" என்று அக்கா சொல்வார். "சண்டை போடணும்னா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முழிச்சிருக்கணுமே."

மூன்று முறை நாள் குறித்தார்கள். முதல் முறை முந்தின நாள் சாயங்காலம் சுமை வந்துவிட்டது. இரண்டாம் முறை பேருந்து ஒன்று கவிழ்ந்து, நாற்பது பேருடைய கைகால்களைப் படமெடுக்க அக்காவுக்கு ஆள் அனுப்பினார்கள். மூன்றாம் முறை இருவரும் ரயில் நிலையம் வரைக்கும் போய்விட்டார்கள். நடைமேடையில் கணவரின் கைபேசி அடித்தது. அவர் அதை எடுக்காமல் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "எடுங்க" என்றார் அக்கா. புதுத் துணியும் தலை நிறையப் பூவுமாக அன்று எட்டரை மணிக்கே வேலைக்கு வந்து நின்றவரிடம் நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு "இழுங்க, பிடிங்க, விடுங்க" மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகக் கேட்டது.

நான்காம் முறைக்குத்தான் அந்தப் பழுப்பு உறை. எக்ஸ்ரே படம் போட்டுக் கொடுக்கும் பெரிய உறை அது. அதன் முதுகில் ஒரு நாளை எட்டு இடமாக வகுத்திருந்தார். கலங்கரை விளக்கம், திமிங்கலத்தின் எலும்புக்கூடு தொங்கும் காட்சிசாலை, படகுச் சவாரி, சாப்பாடு, பூங்கா, மணல்வெளி, சங்குக் கடைத்தெரு, பழைய மணிக்கூண்டு. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம், நடுவில் நடக்க எத்தனை நிமிடம், எங்கே நிழல், எங்கே கழிப்பறை என்று எல்லாம் அதில் இருந்தது. தகவல் தந்தவர்கள் அந்த ஊரிலிருந்து வந்த நோயாளிகள். வலது கை ஒடிந்த ஒருவர் இடது கையால் பூங்காவுக்குக் குறுக்குவழி வரைந்து கொடுத்திருந்தார். கோடு தள்ளாடினாலும் வழி சரியாக இருந்ததாம்.

"ஏன்க்கா இப்படி நெருக்கிப் போடுறீங்க? கொஞ்சம் உட்கார்ந்து மூச்சு விட வேண்டாமா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

அக்கா பென்சிலைக் கீழே வைத்தார். வெளியே நோயாளி யாரும் இல்லை என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். "கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். பொண்ணு இருந்த வரைக்கும் அவளைப் பத்திப் பேசினோம். அவளும் வேலைக்குன்னு வெளியூர் போயிட்டா. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் மட்டும் சேர்ந்து இருந்ததே இல்ல தம்பி. சும்மா உட்கார்ந்தா என்ன பேசுறது? அவரு வீட்டுல பேசுறதே 'ம்'தான். அதான் இடத்தைப் போட்டு நிரப்பி வெச்சிருக்கேன்."

போய்விட்டு வந்தார்கள். திங்கட்கிழமை, ஒரு நெஞ்சுக்கும் அடுத்த முழங்காலுக்கும் நடுவே, துண்டு துண்டாக அக்கா சொன்னதைத்தான் இங்கே கோத்துத் தருகிறேன்.

கலங்கரை விளக்கத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே விடவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. "பரவால்ல" என்றார் கணவர். காட்சிசாலையில் திமிங்கலம் கூரையிலிருந்து கம்பிகளில் தொங்கியது. உறையில் இருபது நிமிடம் என்று போட்டிருந்த அக்கா நாற்பது நிமிடம் அதன் அடியிலேயே நின்றுவிட்டார். வலது பக்கம் ஏழாவது விலா எலும்பு ஒருகாலத்தில் ஒடிந்து, தானாகவே கூடியிருந்ததைக் கண்டுபிடித்தார். "இங்க பாருங்க, இந்த முண்டு தெரியுதா? அவ்வளவு பெரிய உடம்பு, யாரு கட்டுப் போட்டது? அதுவா நீந்தி நீந்திக் கூடியிருக்கு" என்று கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். கணவர் "ம்" என்றார். காவலாளிதான் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, பத்து வருடமாகத் தன் தலைக்கு மேல் தொங்கும் அந்த விலாவை முதல்முறையாகப் பார்த்தார்.

படகில் இயந்திரச் சத்தம். பேச வழியில்லை. கணவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். சாப்பாட்டு இடத்தில் இருவரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். ஒரு மணி வாக்கில் பூங்காவில் ஒரு மரத்தடி பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது நான்கு இடம் முடிந்திருந்தது. கணவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை அக்கா எண்ணிப் பார்த்திருக்கிறார். ஒன்பது. அதில் ஐந்து "ம்".

"அழுகை வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன்" என்றார் அக்கா. "ஆனா, இத்தனை வருஷம் கழிச்சு இதைத் தெரிஞ்சுக்கத்தானா இங்க வந்தோம்னு இருந்துச்சு."

மடியில் உறை இருந்தது. அடுத்து மணல்வெளி, முப்பது நிமிடம். அக்கா எழுந்திருக்கவில்லை. அதுவரை அவர் யோசித்தே பார்க்காத ஒரு கேள்வி வாயில் வந்தது.

"நீங்க இந்த ஊருக்கு வந்தா எங்க இருப்பீங்க?"

கணவர் திரும்பிப் பார்த்தார். "துறைமுகத்துல, நாலாம் நம்பர் கேட்டுல."

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வரிசை இருக்கும். வண்டியை வரிசையில போட்டுட்டு உட்கார்ந்திருப்போம். ஆறு மணி நேரமாகும், ஏழு மணி நேரமாகும்."

"அதைக் காட்டுங்க."

"அதையெல்லாம் யாரு சுத்திப் பார்க்கப் போவா?"

"நான் போவேன்."

கணவர் கழற்றிப் போட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு எழுந்தார். அக்கா உறையை நான்காக மடித்துப் பைக்குள் அடியில் திணித்தார்.

நகரப் பேருந்தில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டு போனார்கள். துறைமுகச் சாலை தொடங்கியதும் கணவருக்கு வாய் திறந்தது. இந்த மேட்டில்தான் சுமை வண்டிகள் எல்லாம் முக்கும். அந்தப் பஞ்சர் கடைக்காரனுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். இந்தப் பாலத்துக்கு அடியில் ஒரு மழையில் ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறார். அக்கா கேட்டுக்கொண்டே வந்தார். எண்ணுவதை எப்போது விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

நான்காம் எண் கேட்டில் லாரிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் நின்றன. ஓரமாகத் தகரம் வேய்ந்த ஒரு டீக்கடை. வெளியே இரண்டு நீள பெஞ்சு. கடைக்கார அம்மாள் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "என்னண்ணே, இன்னிக்கு வண்டி எங்க?" என்றார்.

"வண்டி இல்ல. இது வீட்டுல" என்று கணவர் அக்காவைக் காட்டினார்.

கடைக்கார அம்மாள் டம்ளரை அப்படியே தண்ணீரில் போட்டுவிட்டு ஈரக் கையோடு வெளியே வந்தார். "மூச்சக்காவா? நீங்கதானா அது?"

அக்காவுக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரிப் பெயர் இந்தத் தகரக் கொட்டகைக்கு எப்படி வந்தது? அதற்குள் பெஞ்சில் இருந்த நான்கைந்து டிரைவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். அக்காவின் முக்காலி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. துறைமுகத்தை டாக்டர் நெஞ்சு என்று நினைத்த கதை தெரிந்திருந்தது. பேருந்து கவிழ்ந்த அன்று நாற்பது பேரையும் ஒருத்தியாக நின்று படமெடுத்தது தெரிந்திருந்தது. சொல்லப்போனால் அந்த எண் இங்கே எழுபதாக வளர்ந்திருந்தது.

"அண்ணன் வரிசையில வண்டியைப் போட்டா வேற என்ன பேசுவாரு?" என்றார் ஒரு நரைத்த மீசைக்காரர். "உங்க கதைதான். நாங்களெல்லாம் வீட்டுல போய் எங்க சம்சாரத்துக்கிட்ட அதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டோம்."

கணவர் டீக்கடைக்குள் தலையை விட்டு, தேவையில்லாமல் சர்க்கரை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஒருவர் ஓடிப்போய்த் தன் வண்டியிலிருந்து முதுகெலும்புப் படம் ஒன்றைக் கொண்டு வந்தார். அடுத்தவர் சட்டையைத் தளர்த்தித் தோளைக் காட்டினார். "நான் படம் எடுக்கிறவ. பார்த்துச் சொல்றவர் டாக்டர். அவர்கிட்டயே காட்டுங்க" என்று அக்கா எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். ஆனால் மீசைக்காரர் உட்கார்ந்திருந்த கோணலைப் பார்த்துவிட்டு, சீட்டுக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டீ குடித்து முடித்ததும் அக்கா கணவரைக் கேட்டார். "கடல் எங்க?"

"அந்தச் சுவருக்குப் பின்னாடி."

"நீங்க போயிருக்கீங்களா?"

"வரிசையை விட்டு நகர்ந்தா இடம் போயிடும்."

"இன்னிக்கு வண்டி இல்லையே."

கணவர் சுவரைப் பார்த்தார். இது அவருக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. கடைக்கார அம்மாள் வழி காட்டினார். சுவரோரமாக நான்கு நிமிட நடை, ஒரு உடைசல், அந்தப் பக்கம் கருங்கல் குவியல், அதற்கப்பால் தண்ணீர். மணல் கிடையாது. அலைகூடப் பெரிதாக இல்லை. எண்ணெய் வாடை அடித்தது. கல்லின் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். ஒரு கப்பல் திரும்புவதைப் பார்த்தார்கள். திரும்ப அது முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று அக்கா முழங்கால்காரரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

நான்கு இருபது ரயிலைத் தவறவிட்டார்கள். ஐந்தரை மணிப் பேருந்தில் முன்பக்கமாக இரண்டு இருக்கை கிடைத்தது. இருபத்திரண்டு வருடமாக அந்தச் சாலையில் தானே ஓட்டிப் போனவர் முதல்முறையாக இன்னொருவர் ஓட்ட உட்கார்ந்து வந்தார். ஒவ்வொரு வளைவிலும், முன்னால் ஏதாவது வண்டி தெரியும்போதும், அவருடைய வலது கால் பிரேக்கைத் தேடி வெறும் தரையை ஓங்கி அழுத்தியது. அக்கா இரண்டு மூன்று வளைவு வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு குனிந்து தன் செருப்பைக் கழற்றி, தன் பாதத்தை மெல்லத் தூக்கி அந்தக் காலின் மேல் வைத்துக்கொண்டார்.