சிமெண்டுப் பசுவின் வாய்

அந்தச் சிமெண்டுப் பசுவின் வாய் கறுத்துக் கிடந்தது. உடம்புக்கு அடித்த செந்நிறம் வெயிலில் வெளிறிவிட்டது. ஒரு கொம்பு முறிந்து உள்ளிருக்கும் கம்பி வெளியே தெரிந்தது. வாய் மட்டும் நெய்யும் வெல்லமும் ஏறி ஏறிப் பளபளத்தது. உதட்டோரம் எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. சென்ற மாட்டுப் பொங்கலன்று என் மகளை அந்தப் பண்ணைப் பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தேன். கம்பம் நகரைத் தாண்டி, கூடலூர் சாலையிலிருந்து பிரியும் மண்பாதையின் முடிவில் இருக்கிறது அது. அந்தப் பூங்காவை உண்டாக்கியவரும், அந்தப் பசுவைச் செய்து நிறுத்தியவரும் என் தாய்மாமா. அவர் இருந்தவரை பொங்கல் கூட்டம் கலைந்ததும் தேங்காய் நாரும் சீயக்காயும் கொண்டு அதன் வாயைத் தேய்த்துக் கழுவுவார், உயிருள்ள மாட்டைக் குளிப்பாட்டுகிற பக்குவத்தோடு. அவர் காலமான பின் பூங்காவைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் சறுக்குமரங்களையும் பொம்மை ரயிலையும் பளிச்சென்று வைத்திருக்கிறார்கள். பசுவின் வாயைக் கழுவ வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

மாமா திராட்சை விவசாயி. ஒரு பருவத்தில் காலம் தப்பிப் பெய்த மழையில் குலைகள் வெடித்து அழுகின. அதன் பிறகு தோட்டத்தின் முகப்பில் பந்தலைப் பிரித்துவிட்டு, முயலும் வாத்தும் வான்கோழியும் வெள்ளாடும் கொண்டுவந்து விட்டு, அந்த இடத்தைப் பிள்ளைகளுக்கான பண்ணையாக்கினார். தேனியிலும் பழனிசெட்டிபட்டியிலும் மாடி வீடுகளில் இருக்கும் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் பிடித்து வரத் தொடங்கின. நாங்களும் புளிச்சோற்றுப் பொட்டலங்களோடு போவோம். அக்காவின் பிள்ளைகள் வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடுவார்கள். தோளில் துண்டும் இடுப்பில் செருகிய அகத்திக்கீரைக் கட்டுமாக மாமா அவர்கள் பின்னாலேயே ஓடுவார். "ஏலே, ஆட்டு வாலப் புடிச்சு இழுக்காதடா! வண்டி மாதிரி ஸ்டார்ட் ஆகி, ஒன்னயத் தூக்கிக்கிட்டுக் கேரளாவுக்குப் போயிரும்!" என்று கத்துவார். பிள்ளைகள் அதற்காகவே மறுபடியும் வாலைப் பிடிப்பார்கள். மேற்கே மலையில் மேகம் இறங்கியிருக்கும். பம்புசெட் தொட்டியில் நனைந்த சட்டைகளைத் திராட்சைப் பந்தலின் கம்பியில் காயப்போட்டுவிட்டு, அம்மாவும் அத்தையும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பூங்காவின் உயிர் செவலைதான். மலைமாட்டு இனத்துப் பசு அது. அந்த இனத்து மாடுகள் ஆள் வாடை பட்டாலே மிரளும். செவலையோ பால்குடிக் கன்றாக இருந்தபோதே தாயை இழந்து, அத்தையின் கையால் புட்டிப்பால் குடித்து வளர்ந்ததால் மனிதர்களையே தன் மந்தை என்று நினைத்துக்கொண்டிருந்தது. எந்தக் குழந்தை வந்தாலும் தோளில் தாடையை வைத்து மூச்சு விடும். முதலில் பயந்து அழுத குழந்தை, வீட்டுக்குக் கிளம்பும்போது அதைப் பிரிய மாட்டாமல் அழும்.

மாமாவுக்கு யாரிடமும் மறுத்துச் சொல்ல வராது. அதைச் சொல்லிச் சிரிப்பது அத்தைக்கு வழக்கம். "என்னயப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கம்மா கேசரியில சக்கரைக்குப் பதிலா உப்பப் போட்டுருச்சு. இன்னுங் கொஞ்சம் வைக்கவான்னு கேக்கக் கேக்க உங்க மாமா வாங்கி வாங்கித் தின்னாக. வேணாம்னு ஒரு வார்த்த வரல. அப்பவே எனக்குச் சந்தேகம்தான்." மாமா தலையைச் சொறிந்துகொண்டு, "உப்பா அது? நான் கம்பத்துப் பக்குவம்னுல்ல நெனச்சேன்" என்பார். நாங்கள் அதைக் கேட்டு ஒவ்வொரு முறையும் சிரித்தோம்.

ஓர் ஆண்டு, முதன்முறையாக மாட்டுப் பொங்கலைப் பண்ணையில் கொண்டாடலாம் என்று மாமா வருகிறவர்களிடம் சொல்லியிருந்தார். அப்போது நான் சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு வீட்டிலிருந்தேன். மாடில்லாத வீடுகளில் மாட்டுப் பொங்கல் ஒரு விடுமுறை நாள் மட்டும்தான். பொங்கிய சோற்றில் முதல் கவளத்தைப் பசுவுக்கு ஊட்டாதது பெண்களுக்கு ஒரு குறையாகவே இருந்திருக்க வேண்டும். அந்தக் குறையைத் தீர்க்க அன்று காலை முதலே குடும்பங்கள் வந்து இறங்கின. ஒவ்வொரு கையிலும் ஒரு தூக்குச்சட்டி, அதற்குள் சர்க்கரைப் பொங்கல். செவலைக்கு மாலை போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்து, மாமா முறைப்படி முதல் வாய் ஊட்டினார். அடுத்து அத்தை, பிறகு என் அம்மா. அவர்களுக்குப் பின்னால் வரிசை வாசல் வரை நின்றது.

வீட்டு மாட்டுக்கு ஒரு வீட்டின் பொங்கல்தான் வரும். இந்த ஒரு மாட்டுக்கு ஊரின் பொங்கல் எல்லாம் வந்தது. வெந்த அரிசி மாட்டின் வயிற்றில் அளவு மீறிச் சேர்ந்தால் புளித்து உயிருக்கே உலை வைக்கும் என்பது மாமாவுக்குத் தெரியும். மாடு வளர்க்கும் எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் நடந்திருந்தால் இதை எழுதுவது எனக்கு எளிதாக இருந்திருக்கும். மாமா ஒரு கட்டத்தில் செவலையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "போதும்த்தா, அதுக்கு வயிறு நெறஞ்சிருச்சு" என்று கெஞ்சும் குரலில் சொன்னார். வரிசையில் நின்ற ஒரு பெண், "எம்புள்ள காய்ச்சல்ல கெடந்தப்ப பசுவுக்கு ஊட்டுறதா நேந்துக்கிட்டேண்ணே. ஒரே ஒரு வாய்" என்றாள். மாமாவின் கை தளர்ந்தது. அவளுக்கு அனுமதித்த பிறகு அடுத்தவளுக்கு எதைச் சொல்லி மறுப்பது? மாமா மாட்டை அவிழ்த்துக் கொட்டத்துக்குள் கொண்டுபோய்க் கட்டினார். கூட்டம் கொட்டத்தின் பின்பக்கமாகப் போய்ச் சன்னல் வழியே ஊட்டியது. செவலையும் மறுக்கவில்லை. புட்டிப்பால் காலத்திலிருந்து, நீட்டிய கையை அது நம்பியே பழகியிருந்தது.

மாலையில் அதன் இடப்பக்கம் தம்பட்டம்போல் உப்பியது. படுத்த மாடு எழவில்லை; பல்லை நறநறவென்று கடித்தது. விடுமுறையிலிருந்த கால்நடை மருத்துவர் சின்னமனூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். வாய் வழியே குழாய் இறக்கிச் சோடா உப்புக் கரைசலை ஊற்றினார். "இம்புட்டுச் சோத்த யாருண்ணே போட்டது?" என்று கேட்டார். மாமா அதன் காதைத் தடவியபடியே, "ஆளுக்கு ஒரு வாய்தான் டாக்டர்" என்றார். விடியும் நேரத்தில் செவலையின் மூச்சு அடங்கியது. நெற்றிக் குங்குமம் அப்போதும் கலையாமல் இருந்தது.

அன்று காணும் பொங்கல். தார்ப்பாய் போட்டு மூடிய மாடு கொட்டத்தில் கிடக்க, வாசலில் வேன்களும் ஜீப்புகளும் வந்து நின்றன. பூட்டிவிடலாம் என்றேன். "தொலவுலருந்து பிள்ள குட்டியோட வந்திருக்காக. திருப்பி அனுப்பவா சொல்ற?" என்று மாமா கதவைத் திறந்தார். முந்தின நாள் ஊட்டியவர்களில் சிலர் மறுபடியும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு சின்னப் பெண் மாமாவின் வேட்டியைப் பிடித்து, "செவலை எங்க தாத்தா?" என்று கேட்டாள். மாமா குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டார். "மலைக்கு மேயப் போயிருக்கு கண்ணு. அங்கன புல்லு நல்லாருக்காம். வந்துரும்." குரல் கொஞ்சமும் பிசகவில்லை. அத்தைதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பம்புசெட் அறைக்குள் போனாள்.

கூட்டம் போன பிறகு நான் மாமாவோடு வாதாடினேன். உண்மையைச் சொல்லாவிட்டால் அடுத்த ஆண்டும் இதே வரிசை இதே தூக்குச்சட்டிகளோடு வரும் என்றேன். விளைவுகளை எடுத்துச்சொன்னால் மனிதர்கள் மாறுவார்கள் என்பதே நான் படித்த படிப்பின் அடிப்படை. "ஊட்டுன கையப் பாத்து நீதான் கொன்னேன்னு எப்படி ஆத்தா சொல்றது? அந்தப் புள்ள வளந்து பெரியவளாகுற வரைக்கும் அதச் சொமக்கணுமா?" என்றார். நான் விடவில்லை. சமைத்த சோறு மாட்டுக்கு நஞ்சு என்று பெரிய எழுத்தில் பலகை எழுதிக் கொடுத்தேன். மாமா அதை நெடுநேரம் பார்த்தார். "பொங்கலுக்குப் பக்கத்துல நஞ்சுன்னு எழுதலாமா ஆத்தா?" என்று கேட்டுவிட்டு, பம்புசெட் அறையில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அது அங்கேயே இருந்தது.

மறு ஆண்டு பொங்கலுக்கு எல்லா உயிர்களையும் பொட்டிப்புரத்தில் ஒரு நண்பரின் தோட்டத்துக்கு அனுப்பினார். வந்தவர்கள் வெறுங்கொட்டத்தின் முன் தூக்குச்சட்டிகளோடு திகைத்து நின்றார்கள். சிலர் பொங்கலைக் கட்டுத்தறியின் அடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்த பிறகுதான், கோயில் சுதை வேலை செய்யும் ஒருவரைக் கொண்டு மாமா இந்தப் பசுவைச் செய்வித்தார். திறந்த வாய், தொண்டையிலிருந்து வயிற்றுக்கு ஒரு குழாய், வயிற்றுக்குள் ஒரு வாளி. வாயில் வைத்த கவளம் வழுக்கி இறங்கி வாளியில் தொப்பென்று விழும். "முழுங்கிருச்சு! முழுங்கிருச்சு!" என்று பிள்ளைகள் குதிப்பார்கள். மாமாவும் கூடவே கைதட்டுவார். மாலையில் யாரும் பார்க்காதபோது வாளியை எடுத்துப்போய்த் தென்னை மூட்டில் கொட்டிவிட்டு வருவார். அந்த வேலையை வேறு யாரிடமும் விட்டதில்லை. உண்மையான மாட்டை அவர் மறுபடி வாங்கவே இல்லை.

அவர் செய்தது சரியா என்று இத்தனை ஆண்டுகளாக எனக்குள் வழக்கு நடக்கிறது. இரக்கத்தால் ஒரு பொய்யைச் சொன்னார்; அந்தப் பொய்க்கு உடம்பு செய்து, அதன் வாயைக் கழுவி, வயிற்றைக் காலி செய்து, சாகும்வரை பராமரித்தார். என் பலகையை மாட்டியிருந்தால் மனிதர்கள் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று ஒரு காலத்தில் உறுதியாக நம்பினேன். இப்போது அந்த உறுதி என்னிடம் இல்லை. மாமாவின் பக்கம் நின்று பேசவும் வாய் வரவில்லை.

சென்ற மாட்டுப் பொங்கலன்று என் மகள் ஒரு கவளத்தை உருட்டி அந்த வாயில் வைத்தாள். அது உள்ளே இறங்கவில்லை. மாமாவுக்குப் பிறகு வாளியை யாரும் எடுக்கவில்லை. வயிறு நிரம்பி, குழாய் நிரம்பி, தொண்டை வரை சோறு இறுகியிருந்தது. "முழுங்க மாட்டேங்குதும்மா. இதுக்கு வயிறு நெறஞ்சிருச்சா?" என்றாள். நான் அவளுடைய தண்ணீர்ப் புட்டியைத் திறந்து ஊற்றி, விரல்களை விட்டுப் பழஞ்சோற்றைப் பிடிப்பிடியாகத் தோண்டத் தொடங்கினேன். புளித்த வாடை எழுந்தது. கொட்டத்தில் செவலையின் வாயிலிருந்து குழாயை உருவியபோது எழுந்த அதே வாடை.

"அக்கா, செத்தத் தள்ளிக்கிறீகளா? புள்ள கையால ஒரு வாய் ஊட்டிட்டுப் போயிருவோம்."

பின்னால் ஓர் இளம்பெண், இடுப்பில் மகனோடு, கையில் தூக்குச்சட்டியோடு நின்றாள். அடைத்துக் கிடக்கிறது, போதும் என்று சொல்லத் திரும்பினேன். அதற்குள் அவள் மகனிடம் பேச ஆரம்பித்திருந்தாள்.

"முன்னாடி இங்கன நெசமான பசுவே நின்னுச்சு சாமி. செவலைன்னு பேரு. அம்மா சின்னப்புள்ளையா இருக்கயில ஏங்கையால ஊட்டியிருக்கேன், தெரியுமா?"

"அது எங்க போச்சும்மா?"

"மலைக்கு மேயப் போயிருக்கு. வந்துரும்."

கையிலிருந்த சோற்றைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நான் ஒதுங்கினேன். பையன் இடுப்பிலிருந்தபடியே எட்டி, கவளத்தை அந்தக் கறுத்த வாயில் வைத்தான். பிறகு கீழே இறங்கி, பசுவின் வயிற்றில் காதை வைத்து, அது விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.