சாருக்கு மாட்டிய காது மெஷின்

பழிவாங்க நடுங்காத கை வேண்டும். என் கை சாக்பீஸைப் பிடித்தாலே அது இரண்டாக உடையும். இருந்தும் எண்பதுகளில் ஒருநாள், பம்பாயில் தாராவித் தமிழ்ப் பள்ளியொன்றின் நாலாம் வகுப்பில், அந்தக் கையாலேயே பழிவாங்கினேன்.

அப்போது நான் செம்பூரில் ஆசிரியர் பயிற்சி மாணவன். காது கேளாத பிள்ளைகளையும் மற்றவர்களோடு உட்காரவைத்துப் பாடம் நடத்தலாம் என்று புதிதாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். அதற்கான கருவிகளைச் சொல்லித்தர மாட்டுங்காக்காரர் ஒருவர் விரிவுரையாளராக இருந்தார். கல்லூரியில் ஒரே ஒரு காது மெஷின். சட்டைப்பையில் அடங்கும் பெட்டி, ஒரு ஒயர், காதில் சொருகும் குமிழ். அலமாரியைத் திறப்பார், தூக்கிக் காட்டுவார், பூட்டிவிடுவார். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"நோக்கு எதுக்குடா? நீ என்ன செவிடா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், பயந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

பயிற்சிக்காக எனக்குக் கிடைத்த வகுப்பில், அப்படி ஒரு பெட்டியைக் கழுத்துப் பையில் தொங்கவிட்டபடி ஒரு சிறுமி இருந்தாள். முதல் நாள் பதற்றத்தில் கரும்பலகையைப் பார்த்தே பேசித் தீர்த்தேன்.

"சார், உங்க முதுகு பேசுறது எனக்குக் கேக்கல" என்றாள்.

திரும்பி நின்று நிதானமாகப் பேசினேன். அதன்பின் கணக்குக் கேட்டால் முதலில் தூக்கும் கை அவளுடையது.

விரிவுரையாளர் என் பாடத்தைப் பார்வையிட, மெஷினும் கையுமாக வந்தார். கூடவே தலைமையாசிரியை. விரிவுரையாளர் நேரே சிறுமியிடம் போய், பெட்டிக்கு மேல் குனிந்து கத்தினார்.

"உன் பேர் என்ன?"

அவள் முகம் சுருங்கியது. இன்னும் பலமாகக் கத்தினார். அவள் குமிழைப் பிடுங்கிவிட்டாள்.

"மெஷின் மாட்டியும் பிரயோஜனமில்லே. செவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுங்கோ."

அது நகரத்தின் மறுகோடியில் இருந்தது. தினமும் கூட்டிப்போக அவள் வீட்டில் ஆளில்லை. அங்கே அனுப்புவதென்றால் வீட்டில் உட்காரவைப்பது என்றே அர்த்தம். தலைமையாசிரியை தலையாட்டப் போனார்.

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"சார், உங்க மெஷின நீங்களே மாட்டிக் காட்டுங்களேன். எங்களுக்கும் வெளங்கும்லா."

"ஆமா சார், நானும் பாத்ததே இல்ல" என்றார் தலைமையாசிரியை.

மறுக்க வழியில்லை. நாற்காலியில் உட்கார்ந்து குமிழைக் காதில் சொருகிக்கொண்டார். வால்யூமை நான் வைத்தேன். சிறுமியின் பெட்டியில் இருந்த அதே எண். அதற்கு மேல் ஒரு நகத்தளவு. அது என் பங்கு. பிறகு அவரைப் போலவே குனிந்து, அவரைப் போலவே கத்தினேன்.

"உங்க பேர் என்ன?"

மனிதர் நாற்காலியோடு பின்னால் சரிந்தார். குமிழைப் பிடுங்கி எறிந்தார்.

"கடங்காரா, காதே போயிடுத்துடா."

"எனக்கும் அப்படித்தான் சார் இருந்துச்சு" என்றாள், இதற்குள் குமிழை மறுபடி மாட்டிக்கொண்டிருந்த சிறுமி.

தலைமையாசிரியை அவள் எதிரே உட்கார்ந்து, சாதாரணக் குரலில் பெயரைக் கேட்டார். அவள் சொன்னாள். கேட்காமலே ஏழாம் வாய்ப்பாட்டையும் ஆரம்பித்தாள்.

"இவ இங்கயே இருக்கட்டும் சார்" என்றார் தலைமையாசிரியை.

விரிவுரையாளர் என்னை ஃபெயிலாக்கினார். மறுபயிற்சிக்கு விக்ரோலிக்குத் துரத்தினார். தினமும் ரயிலில் நசுங்கிக்கொண்டே போனேன். நாற்காலியில் அவர் சரிந்த அழகை நினைத்தால் போதும், குர்லா ஸ்டேஷன் தாண்டும்வரை சிரிப்பு அடங்காது. அது பயத்தில் வந்த சிரிப்பல்ல.