பேட்டியம்மா கேட்ட அரை நிமிஷம்

"பேத்திதாங்க. மூணு கிலோ நூறு கிராம். மூக்கு மட்டும் என்னோடது, பாவம்."

நான்கு நாளாக இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறேன். யாரும் கேட்பதில்லை. பெட்ரோல் போடுகிறவர்கூட என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆனால் பேத்தியைப் பற்றிச் சொன்னால் எங்கள் பேட்டியம்மாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

நான் வட்டார வானொலி நிலையத்தில் வேன் டிரைவர். பேட்டியம்மா அங்கே பதினாறு வருடமாகப் பேட்டி எடுக்கிறார். ஒரு நாள் சாக்கடை, ஒரு நாள் பள்ளிக்கூடக் கூரை, வியாழக்கிழமை என்றால் புத்தகம் எழுதியவர் யாராவது. அந்தப் புத்தகத்தை வேனில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துதான் படித்து முடிப்பார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பையெல்லாம் தேடுவார். நடுநடுவே எனக்கு உரக்க வாசிப்பார்.

"புரியுதா அண்ணே?"

"இல்லைங்க. நான் அஞ்சாவதோட நின்னவன்."

"எனக்கும் புரியல. அப்ப இதைத்தான் முதல்ல கேக்கணும்."

எழுதியவர் எவ்வளவு பெரிய ஆளானாலும், "எங்க டிரைவர் அண்ணனுக்கு ஒரு சந்தேகம்" என்றுதான் முதல் கேள்வி வரும். ரேடியோவில் அதைக் கேட்கிற அன்றெல்லாம் என் மனைவி, "பெரிய மனுஷன் வந்துட்டார்" என்று சோறு போடுவாள்.

இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் சின்ன மருத்துவமனையின் பிரசவ வார்டை மூடப்போவதாகப் பேச்சு கிளம்பியது. அடுத்த மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரப் பயணம். என் மகளுக்கு அப்போது எட்டாவது மாதம், ரத்த அழுத்தம் வேறு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

பேட்டியம்மா மருத்துவமனைப் பொறுப்பு அதிகாரியைப் பேட்டி எடுக்கப் போனார். நானும் கூடப் போனேன். அதிகாரியின் அறையில் பேட்டியம்மா ஃபேனை நிறுத்தினார். சுவர்க் கடிகாரச் சத்தம் பதிவில் விழும் என்று அதைக் கழற்றி, துண்டில் சுற்றி, மேஜை டிராயருக்குள் வைத்தார். கதவை யாரும் திறக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அதிகாரி வியர்த்துக்கொண்டே இருபது நிமிடம் பேசினார். "பரிசீலிக்கிறோம்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

பேட்டி முடிந்ததும் எப்போதும் ஒன்று செய்வார். அரை நிமிடம் யாரும் பேசாமல், வெறும் அறையைப் பதிவு செய்வார். பேட்டியை வெட்டி ஒட்டும்போது தையல் தெரியாமல் இருக்க அந்த அமைதி வேண்டுமாம். நான் வேலைக்குச் சேர்ந்த பதினோரு வருடத்தில் அந்த நேரத்தில் ஒரு தடவைகூட இருமியதில்லை. அன்று வாய் தானாகத் திறந்துவிட்டது.

"சார், என் பொண்ணுக்கு இன்னும் ஏழு வாரந்தான் இருக்கு. அவளை எங்க கூட்டிட்டுப் போறது?"

பேட்டியம்மா என்னைப் பார்த்த பார்வையில் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அதிகாரி அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"மூடச் சொல்லி உத்தரவே வரலைய்யா. ரெண்டு நர்ஸ் குறையுது, அவ்வளவுதான். கேட்டு எழுதினா மேல சத்தம் போடுவாங்கன்னு நான்தான் எழுதாம உக்காந்திருக்கேன்."

இதை வேறு யாராவது என்றால் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். பேட்டியம்மா மெஷினை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"சார், இது ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. பேட்டி முடிஞ்சுதுன்னு நெனச்சு நீங்க பேசினது. வேணாம்னா உங்க முன்னாலயே அழிச்சிடறேன்."

விரல் பட்டன் மேலேயே இருந்தது. அழித்தால் என் மகளுக்கு வழியில்லை. அதிகாரி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"இருக்கட்டும்மா. அந்தக் கேள்வியை நீங்களே மறுபடி கேளுங்க. ஒழுங்காச் சொல்றேன்."

மறுநாள் காலை ஒலிபரப்பானது. அன்றே அவர் எழுதியும் அனுப்பினார். மூன்று வாரத்தில் இரண்டு நர்ஸ் வந்தார்கள். அவர்களில் ஒருவர் கையில்தான் என் பேத்தி முதல் அழுகை அழுதாள். இந்த நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் வேனைத் தினமும் இரண்டு தடவை துடைக்கிறேன்.

இன்று காலை பேட்டியம்மா குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கு, எடை, அன்றைய உதவி எல்லாவற்றையும் நான் ஒரே மூச்சில் சொல்ல ஆரம்பித்தேன். அவர் தொட்டில் பக்கம் குனிந்து, என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"அரை நிமிஷம் அண்ணே. இந்தத் தடவையாவது பேசாம இருங்க."