வதியாதவளின் வரிக்கணக்கு

வரிக் கந்தோர் வாசலில் நின்று என் படிவத்தின் இரண்டாம் பக்கத்தை ஒரு மான் தின்றது. திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இது ஒரு செய்தியே அல்ல. இங்கே மான்கள் கட்டாக்காலி மாடுகளைப் போலப் பஸ் நிலையத்திலும் சந்தையிலும் அலைகின்றன, சோற்றுப் பார்சல் சுற்றிய தாளைத் தின்கின்றன, ஒரு கடைக்காரன் துரத்தினால் அடுத்த கடைக்குப் போகின்றன. நோர்வேயில், பேர்கனில், இருபத்தேழு வருடம் இருந்துவிட்டு வந்த நான்தான் வாய் பார்த்துக்கொண்டு நின்றேன். மழைக்காற்று கையிலிருந்த தாளைப் பறித்துக்கொண்டுபோய் அதன் முன்னால் போட்டது. அது குனிந்து, அவசரமே இல்லாமல், என் பெயர், விலாசம், வருமானம் எல்லாவற்றையும் மென்றது. வரிசையில் நின்ற ஒருவர், "அக்கா, மான் உங்கட வரியைக் கட்டிட்டுது, நீங்கள் வீட்ட போங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அங்கே போன மூன்றாவது நாள் அது. கடைசித் தவணையான நவம்பர் முப்பதுக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

நோர்வேயில் இருக்கும் நம்மவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை, ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே வரி அறிக்கைக்கு ஸ்கத்தெமெல்டிங் என்று பெயர். வசந்த காலத்தில் கணினிக்கு வந்து சேரும். வெறும் படிவம் அல்ல, நிரப்பிய படிவம். நான் முதியோர் இல்லத்தில் உழைத்தது, வங்கி தந்த வட்டி, இன்னும் கட்டி முடிக்காத வீட்டுக் கடன் எல்லாவற்றையும் அவர்களே எழுதி, "இது சரிதானே?" என்று கேட்பார்கள். பொத்தானை அமத்திவிட்டு நான் மீன்குழம்பை இறக்கப் போவேன். முதல் வருடங்களில் பயமாக இருந்தது, என் கைப்பைக்குள் அரசாங்கம் கை விட்டுப் பார்த்திருக்கிறதே என்று. பிறகு பழகிவிட்டது. பழகிய இடத்தில் திமிரும் வந்துவிட்டது. அந்தத் திமிரோடுதான், வரி அறிக்கை ஒரு நாள் வேலை, மற்ற நாளெல்லாம் நிலாவெளியில் கடல் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டு, நான்கு கிழமை லீவில் வந்து இறங்கினேன்.

வந்த காரணம் ஒரு கடிதம். உட்துறைமுகப் பக்கம் என் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. முன்பகுதியைக் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் ஒரு சின்னக் கொம்பனி வாடகைக்கு எடுத்திருக்கிறது. பின்னறையில் என் அக்கா தவமணி இருக்கிறாள். வாடகை வருமானத்துக்கு வீட்டுக்காரி அறிக்கை தரவேண்டும், முப்பதாம் திகதிக்கு முன் தரவேண்டும் என்று வந்த கடிதத்தை அக்கா தொலைபேசியில் வாசித்தாள். தராவிட்டால் தண்டம், தண்டத்துக்கு மேல் தண்டம், கடைசியில் அது வீட்டின் தலையில் வந்து விடியும் என்று பயந்தாள். அந்தக் கூரையை விட்டால் அவளுக்கு வேறு கூரை இல்லை. அதனால்தான் வந்தேன்.

என் பெயரில் ஒரு வீடு என்று எழுதும்போதே கை கூசுகிறது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருப்பான். தாய் இருந்த வீடு மூத்தவளுக்கு, இளையவளுக்கு வேறொன்று கட்டுவார்கள், இதுதான் எங்கள் குடும்பத்து ஒழுங்கு. அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள், துறைமுகக் கந்தோரில் லிகிதராகக் கணக்கு எழுதினாள். அவளுக்குச் சம்பந்தங்கள் வந்து வந்து முறிந்தன. அதற்குள் எனக்கு நோர்வே மாப்பிள்ளை பொருந்திவிட்டது. அவர் ஒருநாளும் இங்கே வந்து இருக்கப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சீதன வீடு எழுதாமல் கலியாணம் இல்லை என்று அவருடைய தாயார் ஒற்றைக்காலில் நின்றா. பனிக்குள் இருப்பவனுக்கு உட்துறைமுகத்தில் வீடு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. "இவளை அனுப்பிப்போட்டு உனக்கு ஒண்டு கட்டுவம்" என்று அம்மா அக்காவிடம் சொன்னா. நொத்தாரிசின் மேசையில் சாட்சிக் கையெழுத்து வைத்தது அக்காதான். பிறகு சண்டை, இடப்பெயர்வு, அம்மாவின் சாவு. அக்காவுக்குக் கட்டுவதாகச் சொன்ன வீட்டுக்கு ஒரு கல்லும் வந்து இறங்கவில்லை.

இதற்கு நான் பேர்கனில் ஒரு மருந்து வைத்திருந்தேன். கோயிலிலோ பிறந்தநாள் விருந்திலோ ஊர்க் கதை வந்தால், "வீட்டு வாடகை முழுக்க அக்காவுக்குத்தான் விட்டிருக்கிறன், நான் ஒரு சதம் தொடுறேல்ல" என்று சொல்லுவேன். கேட்டவர்கள் "நீ நல்ல சகோதரம்" என்பார்கள். அன்றைக்கு நித்திரை நன்றாக வரும்.

மானிடம் பறிகொடுத்த பக்கத்துக்குப் பதிலாக வேறொன்று வாங்கிக்கொண்டு மீண்டும் உள்ளே போனேன். முன்பு வந்த முதல் நாள், கணினிக்கு இணைப்பு இல்லை என்றார்கள். இரண்டாம் நாள் பொறுப்பான ஆள் லீவு. தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது, சிங்களம் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார்கள். ஈரக் குடைகளின் நாற்றம், கால் உடைந்த கதிரை, எச்சில் தொட்டுப் புரட்டப்படும் கோவைகள். சனம் அருவருப்பிலும் அரியண்டத்திலும் கிடந்து, அரியண்டம் என்றே தெரியாத நிலைக்கு வந்துவிட்டது. கேட்டால், "இங்க அப்பிடித்தான்" என்கிறார்கள். நாய் படாத பாடு படுத்திவிட்டு, பிந்தினால் தண்டம் என்று சுவரில் மூன்று மொழியிலும் ஒட்டியிருக்கிறார்கள். அது மட்டும் தமிழில் முடியவில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்தது ஒரு சிங்களப் பிள்ளை. படித்துப் பழகிய தமிழ், நல்ல முகம், அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

"மேடம் எவ்வளவு நாள் இங்க?"

"பிறந்ததே இங்கதான்."

"இல்ல மேடம், இந்த வருசம்."

"இருபது நாள்."

அவள் கணினியில் எதையோ தட்டினாள். "அப்ப மேடம் இங்க இல்லாத ஆள்."

"உங்களுக்கு முன்னாலதானே பிள்ளை நிக்கிறன்!"

நான் பகிடியாகத்தான் சொன்னேன். அவள் பயந்துபோய், "கோவிக்க வேணாம் மேடம், சிஸ்டம் அப்பிடிக் கேக்குது" என்றாள். அச்சடித்த தாளில் என் பெயருக்கு எதிரே 'வதியாதவர்' என்று விழுந்தது. பிறகு வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அக்கா என்றேன். அக்கா எவ்வளவு தருகிறா என்றாள். "சீ! கூடப்பிறந்தவளிட்ட வாடகை வாங்கிறதோ?" என்று சத்தமாகவே சொன்னேன். சரி, எதற்கும் பற்றுச்சீட்டுகளையும் வங்கிப் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள், அதைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும் என்றாள்.

இதே 'சீ'யை நான் முன்பும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன், பேர்கனில். அங்கே அலுவலகத்தைக் கொன்தூர் என்பார்கள். எங்கள் கந்தோர்தான், அங்கே வாசலில் மான் இல்லை, அவ்வளவே. வெளிநாட்டில் வீடு உண்டா என்று ஒரு இளைஞன் கேட்டான். இல்லை, ஊரில் அக்கா இருக்கும் வீடு ஒன்றுதான் என்றேன். பத்திரம் யார் பெயரில் என்றான். என் பெயரில் என்றேன். அப்படியானால் உங்கள் வீடுதானே என்றான். இல்லையப்பா, அது சீதனம் என்று அவர்களுடைய மொழியில், என் உடைந்த நொர்ஸ்கில், விளங்கப்படுத்தினேன். அவன் முகம் மாறி, மெதுவாக, "உங்கள் கணவர் உங்களை விலைக்கு வாங்கினாரா?" என்று கேட்டான். இல்லை, நாங்கள்தான் அவருக்குக் கொடுத்தோம் என்றேன். "எதற்காக?" என்றான். அம்மா, அவருடைய தாயார், ஊர் வழக்கம் என்று எங்கெங்கோ சுற்றினேன். கடைசியில் அவன் களைத்துப்போய், அங்கே இருக்கும் சகோதரி வாடகை தருகிறாரா என்று மட்டும் கேட்டான். "சீ, நெய், நெய்!" என்றேன், இல்லவே இல்லை என்று. எல்லாப் பெட்டியிலும் சைபர் போட்டு அனுப்பிவிட்டான். அப்போது முன்பகுதி வெறுமையாகக் கிடந்தது. பிறகு கொம்பனிக்குக் கொடுத்தபோது நான் திரும்பிப் போய்ச் சொல்லவில்லை. அது அக்காவின் காசு, எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் பற்றுச்சீட்டுகள் இருக்கிறதா என்று கேட்டேன். "இல்லாமல்?" என்று அலுமாரியைத் திறந்தாள். அவள் துறைமுகக் கந்தோரில் கழித்த காலம் அந்த அலுமாரியில் அப்படியே இருந்தது. வருட வாரியாக நாடா கட்டிய கட்டுகள், அடிப்பிரதிகள், என் பெயரில் ஒரு வங்கிப் புத்தகம். வெளிநாடு போகுமுன் நான் திறந்துவிட்டு மறந்துபோன புத்தகம் அது. ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டு கட்டுகள் இருந்தன. ஒன்று கொம்பனி. மற்றதைப் பிரித்தேன். "செல்வி தவமணியிடமிருந்து பின்னறை வாடகை பெற்றுக்கொள்ளப்பட்டது." கீழே, பெற்றவர் என்ற இடத்தில் என் பெயர், அதற்கு அக்காவின் கையெழுத்து. மாதாமாதம், ஒன்றும் தவறாமல்.

"இதென்ன அக்கா?"

"பார்த்தாத் தெரியேல்லயோ? பின்னறை வாடகை."

"ஆர் உங்களிட்டக் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்ல. ஆத்தில போட்டாலும் அளந்து போடோணும். தங்கச்சிட வீட்டில சும்மா இருக்கிறாள் எண்டு ஒருத்தரும் கதைக்கப்படாது. நீயும்தான்."

"அப்ப கொம்பனி வாடகை? அது உங்களுக்கெண்டுதானே விட்டனான்!"

"கூரை மாத்த எடுத்தனான், கணக்கு இருக்கு. மிச்சம் உன்ர புத்தகத்தில கிடக்கு. எனக்குப் பென்சன் காணும்."

குசினிக்குள் போய்த் தேயிலைக்குத் தண்ணீர் வைத்தாள். நான் கட்டிலில் இருந்து வங்கிப் புத்தகத்தைப் புரட்டினேன். அவளுடைய கட்டில்தான். நான் வந்த நாள் முதல் அவள் கீழே பாயில் படுக்கிறாள். பேர்கனில் நான் விருந்துக்கு விருந்து அளந்த வாடகை முழுவதும் இங்கே வரிவரியாக, என் பெயரில், வட்டியோடு கிடந்தது. அதற்குக் கீழே அவளுடைய பென்சனில் இருந்து வெட்டிய பின்னறைக் காசு. புத்தகத்தை மூடி வைத்தேன். மூன்று நாளாக அந்தக் கந்தோரைப் பார்த்துச் சீ, சீ என்று திரிந்தேனே, எல்லாவற்றையும் விட ஊத்தையான பொருள் என் கைப்பையோடு விமானத்தில் வந்து இறங்கியிருக்கிறது.

"அக்கா, இந்தப் பின்னறைக் கணக்கை விடுவம். கொம்பனி வாடகையை மட்டும் எழுதுறன். உங்கட பேரை வாடகைக்காரி எண்டு நான் எழுத ஏலாது" என்றேன்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்தாள். "இதில என்ன கிடக்கு? ஒரு வருமானத்தையும் மறைக்கேல்ல எண்டு நீ கையெழுத்து வைக்கோணும். நான் குடுத்தனான், நீ எழுது. எனக்கு மனமில்லாமல் ஒரே ஒரு இடத்திலதான் கையெழுத்து வைச்சனான். அது காணும்."

நொத்தாரிசின் மேசையில் வைத்த கையெழுத்து. கேட்காமலே தெரியும். அவள் தேநீரை என் பக்கம் தள்ளிவிட்டுச் சீனி காணுமா என்று கேட்டாள்.

இணையத்தில் கொடுப்பதற்கு ஒரு கொமியூனிகேசன் கடைக்குப் போனோம். கடைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அண்ணர், எல்லோருக்கும் நானா, அந்தக் கிழமை முழுவதும் ஊராரின் வரியோடு மாரடித்துக் களைத்திருந்தார். பக்கம் திறக்கும், சுற்றும், நிற்கும், திரும்ப முதலில் இருந்து வா என்னும். இரகசிய இலக்கம் அக்காவின் தொலைபேசிக்குத்தான் வரும், ஏனென்றால் எனக்கு வரி இலக்கம் எடுத்து வைத்ததும் அவள்தான். அது வந்து அவள் கண்ணாடியைத் துடைத்து வாசிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். "கோதாரி விழுவான்!" என்று நான் கணினியைப் பார்த்துக் கத்தினேன். நானா, "கத்தினா இன்னும் மெதுவா வரும் தங்கச்சி, நான் கத்திப் பாத்துட்டன்" என்றார். இரண்டு நாள் இப்படியே போய், இருபத்தொன்பதாம் திகதி மத்தியானம் பாதை விட்டது. இரண்டாவது வாடகைக்காரர் பெயர் என்ற இடத்தில் அக்கா தன் பெயரைத் தானே எழுத்தெழுத்தாகச் சொன்னாள். "உறவுமுறை ஏதும் இருக்கா எண்டு கேக்குது" என்றார் நானா. "சகோதரி" என்றாள் அக்கா. நானா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தட்டினார். கிடைத்தது என்று ஒரு தாள் அச்சில் வந்தது. தண்டம் இல்லை, வீட்டுக்கு ஆபத்து இல்லை. எனக்குப் போய்க் கையைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

வரும் வழியில் ஓட்டோவுக்குள் சொன்னேன், "அக்கா, நொத்தாரிசிட்டப் போவம். வீட்டை உங்கட பேருக்கே எழுதித் தாறன்."

"எனக்கு அறுபத்திரண்டு வயசு. நீ எழுதித் தந்தா, வாற வருசம் உந்தக் கந்தோரில மானோட நான் நிக்கோணும். வேண்டாம் தாயே" என்று சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. இருபத்தேழு வருடம் பிந்திக் கொடுப்பதற்கும் தண்டம் உண்டு, அதை எந்தக் கந்தோரிலும் கட்ட முடியாது என்று அப்போது விளங்கியது.

டிசம்பர் இரண்டாம் திகதி விமான நிலையத்துக்கு வான் வந்தது. அக்கா ஒரு கடித உறையைக் கையில் திணித்து, "உன்ர கோவையில வைச்சுக்கொள், வாற வருசத்துக் கணக்குக்குத் தேவை" என்றாள். கந்தளாய் தாண்டியபிறகு பிரித்துப் பார்த்தேன். நவம்பர் மாதத்துப் பற்றுச்சீட்டு, இந்தமுறை இரண்டாக எழுதியிருந்தாள். பின்னறை வாடகையில் பாதி, செல்வி தவமணி. மற்றப் பாதி, திருமதி இராசமணி. இராசமணி நான்தான். வந்த அன்று செலவுக்கு என்று அவள் கையில் நான் வற்புறுத்தி வைத்த காசில் என் பாதியை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சத்தை மடித்து உறைக்குள் வைத்திருந்தாள்.

வசந்தம் வந்தால் ஸ்கத்தெமெல்டிங் வரும். எல்லாவற்றையும் நிரப்பி, வெளிநாட்டில் வீடு என்ற இடத்தில் மட்டும் பழைய சைபரோடு, இது சரிதானே என்று கேட்கும். இந்த வருடம் பொத்தானை அமத்திவிட்டுக் குழம்பு இறக்கப் போக ஏலாது. பத்திரத்தைப் பார்த்தால் அங்கே எனக்கு ஒரு முழு வீடு. அக்காவின் பற்றுச்சீட்டைப் பார்த்தால் பின்னறையில் பாதி, அதுவும் நவம்பர் மாதம் மட்டும்.